பாடசாலைக் கட்டணத்துக்கு வரி: சுமை யார் தலையில்?

கல்வி கடையில் விற்கப்படும் சரக்கா, அன்றேல் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு ஆற்றும் கடமையா? கல்விமான்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்த இக் கேள்வியை அண்மையில் வரி அதிகாரிகளும் கேட்கத் தலைப்பட்டுவிட்டனர். சரக்கென்றால் அதற்கு வரி விதிக்கலாம். கடமையென்றால் வரி விதித்தல் பொருந்தாது. பிரித்தானியாவில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே விடைதான் இருந்து வந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி பெறுமதி சேர் வரி அந் நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, கல்வி அவ் வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி, தனியார் பாடசாலைகளைப் பொறுத்தவரையில், அவ் விலக்கு முடிவுற்றது. அன்று முதல் அங்கு செலுத்தப்படும் கட்டணத்தின் மீது நூற்றுக்கு 20 வீதம் வரி அறவிடப்படுகிறது.

கடல் கடந்த நாட்டின் வரிச் சட்டம் நமக்கெதற்கு என வாசகர் சிலர் வினவலாம். நம்மவருள் பலருக்கு இலண்டனில் உற்றார் உறவினர் உளர். அவர்களின் கடிதங்களிலும் தொலைபேசி உரையாடல்களிலும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு இல்லாமற் போவதில்லை. அது ஒருபுறமிருக்க, இதில் எந் நாட்டவர்க்கும் பொதுவான பாடமொன்று உண்டு. வரியை விதிப்பவர் ஒருவரைக் குறிவைத்து விதிக்கிறார். அதனைச் சுமப்பவர் பல வேளைகளில் வேறொருவராக இருக்கிறார். இவ் வுண்மையை விளக்குவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இங்கிலாந்தின் பழம் பெரும் தனியார் கல்லூரிகளை அந் நாட்டவர் 'பப்ளிக் ஸ்கூல்' என அழைப்பர். பொதுப் பாடசாலை என்பது அதன் நேர்ப் பொருள். பெருஞ் செல்வரின் பிள்ளைகள் பயிலும் இடத்துக்கு இப் பெயர் எவ்வாறு வந்தது? வின்செஸ்ரர் கல்லூரி 1382ஆம் ஆண்டிலும், ஈற்றன் கல்லூரி 1440ஆம் ஆண்டிலும் தாபிக்கப்பட்டன. ஈற்றனைத் தாபித்த ஆறாம் ஹென்றி மன்னர் அங்கு 70 ஏழை மாணவர் இலவசமாகக் கற்க வேண்டுமென ஏற்பாடு செய்தார். இன்னவூரார், இன்ன குலத்தார் என்ற வரையறையின்றி யாவர்க்கும் திறந்திருந்தமையாலேயே அவை பொதுப் பாடசாலைகள் எனப்பட்டன. காலப்போக்கில் ஏழைகளின் இடம் சுருங்கியது. பணம் கட்டுவோரின் இடம் பெருகியது. எனினும் தரும தாபனங்கள் என்ற சட்ட நிலையும், அதனோடு கூடிய சலுகைகளும் பலவற்றுக்கு நிலைத்துவிட்டன. வரி விதிக்க வேண்டுமென்ற குரல் அங்கு நெடுநாளாக ஒலித்து வந்தமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் தனியார் பாடசாலை என்றதும் ஈற்றனை மாத்திரம் நினைத்தல் தவறு. அந் நாட்டில் ஏறக்குறைய 2,500 தனியார் பாடசாலைகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை நூலிலோ திரைப்படத்திலோ இடம்பெறாதவை. சிறிய நகரங்களில் இருநூறு, முந்நூறு பிள்ளைகளோடு இயங்குபவை உண்டு. யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் முதலானோர் தத்தம் சமயச் சூழலில் பிள்ளைகளை வளர்ப்பதற்காகக் குறைந்த கட்டணத்தில் நடத்துபவை உண்டு. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளையும், பெரிய வகுப்பில் இருக்க இயலாத பிள்ளைகளையும் பேணுபவையும் உண்டு. இங்கிலாந்தின் மாணவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேரே இவை அனைத்திலும் பயில்கின்றனர். எஞ்சிய 93 பேரும் அரச பாடசாலைகளைச் சார்ந்தவர்கள்.

சட்டம் வந்த வழி

2024ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் தொழிற் கட்சி பெருவெற்றி ஈட்டியது. தனியார் பாடசாலைகளின் வரி விலக்கை நீக்கி, அவ் வருவாயைக் கொண்டு அரச பாடசாலைகளுக்கு 6,500 புதிய ஆசிரியரை நியமிப்போம் என்பது அக் கட்சியின் வாக்குறுதிகளுள் ஒன்று. அதே மாதம் 29ஆந் திகதி புதிய வரி பற்றிய அறிவித்தல் வெளியாயிற்று. வரி வருமுன்னரே பல ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்துக் கட்டித் தப்பிவிடலாம் என எண்ணிய செல்வந்தருக்கும் அத் திகதியே எல்லையாக வகுக்கப்பட்டது. அதன் பின்னர் முற்பணமாகச் செலுத்தப்பட்ட கட்டணமும் 2025 ஜனவரிக்குப் பிந்திய தவணைக்குரியதாயின் வரிக்குட்பட்டது. ஒக்டோபர் 30ஆந் திகதி நிதி மந்திரி றேச்சல் றீவ்ஸ் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இதனை உறுதி செய்தது.

இதனோடு இன்னொரு சலுகையும் அகன்றது. நம் ஊர்ச் சோலை வரியை ஒத்த கட்டட வரியில், தரும தாபனங்களான பாடசாலைகளுக்கு இங்கிலாந்தில் நூற்றுக்கு 80 வீதம் தள்ளுபடி இருந்து வந்தது. 2025 ஏப்ரல் முதல் அது நிறுத்தப்பட்டது. ஸ்கொத்லாந்து 2022ஆம் ஆண்டிலேயே அதனை நிறுத்திவிட்டது.

பெறுமதி சேர் வரியை இதற்கு முன் விதிக்க எண்ணியிருந்தாலும் இயன்றிராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கல்விக்கு விலக்களிக்குமாறு உறுப்பு நாடுகளைப் பணிக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 31ஆந் திகதி பிரித்தானியா அவ் வொன்றியத்தை விட்டு நீங்கியமையாலேயே இவ் வழி திறந்தது.

இருபது வீதம் எவ்வாறு பிரிகிறது?

வரி 20 வீதமென்றால் கட்டணமும் 20 வீதம் உயருமென்று எண்ணத் தோன்றும். பெறுமதி சேர் வரியின் இயல்பு அத்துணை எளிதன்று. வரி அறவிடும் தாபனம், தான் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய அதே வரியை அரசாங்கத்திடமிருந்து மீளப் பெறலாம். விலக்களிக்கப்பட்ட காலத்தில் பாடசாலைகளுக்கு அவ் வுரிமை இருக்கவில்லை. இப்பொழுது கணினி வாங்கினாலும், கூரை வேய்ந்தாலும், விளையாட்டரங்கு கட்டினாலும் கட்டிய வரி திரும்பி வரும். சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெருங் கட்டடங்களுக்குச் செலுத்திய வரியில் ஒரு பங்கையும் பெற்றுக்கொள்ள விதியுண்டு.

இங்கேதான் முதல் முரண் தோன்றுகிறது. மீளப் பெறுவதற்கு முதலில் செலவிட்டிருக்க வேண்டும். நீச்சற் குளமும் நாடக அரங்கும் கட்டிய செல்வப் பாடசாலைக்கு மீளப் பெற நிறைய உண்டு. பழைய கட்டடமொன்றில் ஒதுங்கி, வருவாயில் பெரும் பகுதியை ஆசிரியர் சம்பளத்துக்கே செலவிடும் சிறு பாடசாலைக்கு அத்தகைய வாய்ப்பில்லை. சம்பளத்தின் மீது இவ் வரி இல்லையாதலால் அதில் மீளப் பெறவும் ஒன்றுமில்லை. ஆகவே குறிவைக்கப்பட்டவர்க்குக் கேடயமும், குறிவைக்கப்படாதவர்க்குக் காயமும் கிடைப்பதுண்டு.

கட்டணம் சராசரியாக 10 வீதம் அளவில் உயருமென அரசாங்கம் மதிப்பிட்டது. தனியார் பாடசாலைகளின் மன்றம் 2025 ஜனவரியில் திரட்டிய கணக்கின்படி, பெற்றோர் கட்டும் தொகை ஓராண்டில் 22 வீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பாடசாலைகள் செலுத்த வேண்டிய பங்கு 2024 ஏப்ரலில் உயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை நடுவு நிலையில் நின்று கூறுதல் வேண்டும். ஈற்றன் கல்லூரி 20 வீதத்தையும் முழுமையாகக் கூட்டியது. அங்கு ஆண்டுக் கட்டணம் 60,000 பவுணைத் தாண்டியது. ஐம்பதினாயிரத்துக்கு மேல் கட்டக் கூடியவர்க்கு அறுபதினாயிரம் பெரும் பொருட்டாகாது. தாயும் தந்தையும் உழைத்து, விடுமுறைப் பயணத்தையும் புதிய வாகனத்தையும் தவிர்த்து ஆண்டுக்குப் பன்னீராயிரம் பவுண் கட்டும் குடும்பத்துக்கோ ஈராயிரமும் பொருட்டே.

வெள்ளம் வந்ததா?

வரி வந்தால் தனியார் பாடசாலைகள் வெறுமையாகும், அரச பாடசாலைகள் நிரம்பி வழியும் என எதிர்ப்பாளர் அச்சுறுத்தினர். அது நிகழவில்லை. நிதிக் கல்விக் கழகம் என்னும் சுயாதீன ஆய்வு நிலையம் 2023ஆம் ஆண்டிலேயே, 20,000 முதல் 40,000 வரையான பிள்ளைகள் நீங்கலாமெனக் கணித்திருந்தது. அரசாங்கம் தன் மதிப்பீட்டில் நீண்ட காலத்தில் 37,000 பேர் குறைவர் என்றது. 2025 ஜனவரியில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட கணக்கில், தனியார் பாடசாலை மாணவர் தொகை முந்திய ஆண்டினும் ஏறக்குறைய 11,000 குறைந்திருந்தது. நூற்றுக்கு இரண்டு என்ற அளவே அது. அதிலும் ஒரு பகுதி பிறப்பு வீதம் குறைந்து வருவதன் விளைவாகும்.

ஆயின், ஓராண்டுக் கணக்கைக் கொண்டு இறுதித் தீர்ப்புக் கூறலாகாது. பெற்றோர் நடு வகுப்பில் பிள்ளையைப் பெயர்த்தெடுக்க விரும்புவதில்லை. கடன்பட்டாவது தொடங்கிய கட்டத்தை முடிக்கவே முயல்வர். வரியின் உண்மையான பலன், பாலர் வகுப்பிலும் பதினொரு வயதிலும் புதிதாய்ச் சேர வேண்டிய பிள்ளைகள் சேராமல் நிற்கும்போதுதான் புலப்படும். அணையின் கசிவு போல, ஆண்டு தோறும் சிறிது சிறிதாக அது நிகழக் கூடியது.

மாணவ வாசகருக்காக ஒரு சிறு கணக்கு. ஆண்டுக் கட்டணம் 15,000 பவுண் எனக் கொள்வோம். வரி 3,000 பவுண். ஒரு பிள்ளை அங்கு தொடர்ந்தால் அரசாங்கத்துக்கு 3,000 வரவு. அப் பிள்ளை நீங்கி அரச பாடசாலையிற் சேர்ந்தால், ஒரு மாணவனுக்கு அரசாங்கம் செலவிடும் ஏறக்குறைய 8,000 பவுண் செலவு. அதாவது நீங்கும் ஒரு பிள்ளையின் செலவை ஈடுசெய்ய, தொடரும் மூன்று பிள்ளைகளின் வரி வேண்டும். நூற்றுவருள் ஆறேழு பேர் நீங்கினால் அரசாங்கத்துக்கு இலாபம் மிகப் பெரிது. இருபத்தேழு பேர் நீங்கினால் இலாபமெல்லாம் கரைந்து போகும். மேலும், இங்கிலாந்தில் அரச பாடசாலை மாணவர் தொகை 2030 அளவில் 7 இலட்சத்துக்கு மேல் குறையுமென அதே ஆய்வு நிலையம் கூறியிருந்தது. வெற்றிடமுள்ள வகுப்பில் ஒரு பிள்ளை மேலதிகமாக அமர்வதால் செலவு அத்துணை ஏறாது. எனவே கருவூலத்தைப் பொறுத்தவரையில் இவ் வரி வருவாய் தரும் என்பதில் ஐயமில்லை. 2025-26ஆம் ஆண்டில் 150 கோடி பவுணும், 2029-30ஆம் ஆண்டில் 170 கோடிக்கு மேலும் கிடைக்குமென அரசாங்கம் எதிர்பார்த்துக் கணக்கிட்டது.

கணக்கில் அடங்காதவர்

நூற்றுக்கு இரண்டு என்று எழுதுவது எளிது. அவ் விரண்டு பேரும் பிள்ளைகள் என்பதை மறக்கலாகாது. வரி கல்வியாண்டின் தொடக்கமான செப்ரெம்பரில் வராமல், ஆண்டின் நடுவே ஜனவரியில் வந்தது. நம் நாட்டுச் சாதாரண தரத்துக்கு ஒப்பான பொதுத் தேர்வுக்கு அங்கு மாணவர் ஈராண்டு பயில்வர். தேர்வை நடத்தும் சபைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, பாடத்திட்டங்களும் ஒன்றல்ல. நடுவழியிற் பாடசாலை மாறும் மாணவன் புதிய நூல், புதிய ஆசிரியர், புதிய தோழர் எனப் புதிதாய்த் தொடங்க வேண்டியவனாகிறான். எட்டு மாதம் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய துன்பம் இது.

விசேட தேவையுள்ள பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. உள்ளூராட்சிச் சபை சட்டப்படி வகுத்த திட்டமொன்றில் தனியார் பாடசாலை பெயர் குறிக்கப்பட்டிருப்பின், கட்டணத்தைச் சபையே செலுத்தி, வரியையும் மீளப் பெற்றுக்கொள்ளும். ஆனால் அத்தகைய திட்டம் கிடைக்காதவரும், கேட்டுக் காத்திருப்பவரும் மிகப் பலர். அவர்களின் பெற்றோர் தம் கைப் பணத்தைச் செலவிட்டே அமைதியான ஒரு வகுப்பை நாடினர். செல்வத்தின் மிகுதியால் வந்தவர்களல்லர். வேறு வழியின்மையால் வந்தவர்கள். இவர்கள் முழு வரியையும் செலுத்த வேண்டியவராயினர்.

இத்தகைய பெற்றோரும், சமயப் பாடசாலைகளைச் சார்ந்த குடும்பங்களும் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2025ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி மூன்று நீதிபதிகள் அவ் வழக்குகளைத் தள்ளுபடி செய்தனர். வரிக் கொள்கையை வகுப்பதில் பாராளுமன்றத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டென்பது தீர்ப்பின் சாரம். சட்டம் செல்லுமென்பது அதனால் நிலைநாட்டப்பட்டது; சட்டம் நன்றா என்ற கேள்வி மக்கள் முன்னிலையில் இன்னமும் இருக்கிறது.

வரியினால் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 100 பாடசாலைகள் மேலதிகமாக மூடப்படலாமென அரசாங்கத்தின் மதிப்பீடே ஒப்புக்கொண்டது. வழமையாகவே ஆண்டுக்கு ஐம்பது அளவில் மூடப்படுகின்றன என்பதையும் அது எடுத்துக் காட்டியது. மூடப்படுபவை எவை? பெரு நிதியும் பழம் பெயரும் உடையவையல்ல. இலாபமின்றி ஆண்டை ஓட்டுபவையே. இவ்வாறு சிறியவை மறைந்தால், எஞ்சுவன முன்னையினும் செல்வர்க்கே உரியனவாகும். சலுகையின் கோட்டையைத் தகர்க்க எழுந்த சட்டம், கோட்டையைச் சுற்றியிருந்த சிறு வீடுகளை இடித்து, கோட்டையை உள்ளபடியே விட்டுவிடக் கூடும்.

வரலாறு தரும் எச்சரிக்கை

இத்தகைய எதிர்பாரா விளைவை அந் நாடு முன்னரும் கண்டதுண்டு. அரசாங்கத்தின் நேரடி மானியத்தைப் பெற்று, திறமையுள்ள ஏழை மாணவருக்கு இலவச இடமளித்து வந்த கல்லூரிகள் சில அங்கு இருந்தன. 1975ஆம் ஆண்டு தொழிற் கட்சி அரசாங்கம், யாவர்க்கும் ஒரே வகைப் பாடசாலை என்ற கொள்கையின்படி அம் மானியத்தைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தது. அவை அரசோடு இணையும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். கத்தோலிக்கப் பாடசாலைகள் பல இணைந்தன. மான்செஸ்ரர் இலக்கணக் கல்லூரி முதலான பெரும்பாலானவை கட்டணம் பெறும் தனியார் கல்லூரிகளாகிவிட்டன. சமத்துவத்தை நாடிய செயல், ஏழைக்கு இருந்த வாயிலொன்றை அடைத்தது.

கிரேக்க நாட்டின் அனுபவமும் உண்டு. கடன் நெருக்கடியில் மூழ்கியிருந்த அந் நாடு 2015ஆம் ஆண்டில் தனியார் கல்விக்கு 23 வீத வரி விதித்தது. எதிர்ப்பு மிகவே, சில மாதங்களில் அதனைக் கைவிட்டது. நியூசிலாந்தோ தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு வரி அறவிடுகிறது. ஆனால் அப் பாடசாலைகளுக்கு மானியமும் தருகிறது. 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வாயிலாகச் சமயப் பாடசாலைகள் தம் சமயத் தன்மையை இழவாமலே அரச முறையில் இணையவும் வழி செய்தது. வரியோடு வாயிலும் இருந்தமையால் அங்கு மனக்கசப்புக் குறைந்தது.

மறுபக்கம்

இவ்வளவு கூறியதனால் வரியே தவறென்பது எமது துணிபு எனக் கொள்ளலாகாது. 93 பேரின் பக்கத்தில் நின்றும் நோக்க வேண்டும். கணித ஆசிரியரோ பௌதிக ஆசிரியரோ இல்லாத அரச பாடசாலையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு, அயற் கல்லூரிக்கு அளிக்கப்பட்ட வரிச் சலுகை எவ்வாறு தோன்றும்? ஏழையும் தான் வாங்கும் பல பொருள்களுக்கு 20 வீதம் செலுத்துகிறான். செல்வர் வாங்கும் விலை மிகுந்த கல்விக்கு மாத்திரம் விலக்களிப்பது முறையா என்ற கேள்விக்குத் தக்க விடை கூறுதல் அரிது. நீங்கள் விட்டுச் சென்ற இடத்துக்கு அரசாங்கம் செலவிடவில்லையே, நாம் இரு முறை கட்டுகிறோமே எனப் பெற்றோர் வாதிப்பர். அவ் வாதத்திலும் ஓரளவு உண்மையுண்டு. எனினும் பிள்ளையில்லாதவரும் கல்விக்காக வரி செலுத்துகின்றனர் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

ஆகவே இவ் வரியின் நன்மை தீமை, திரட்டிய பணம் எங்கு போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அமையும். இங்குதான் வாசகர் விழிப்பாயிருத்தல் வேண்டும். அந் நாட்டில் ஏறக்குறைய எல்லா வரிகளும் பொதுக் கருவூலத்திலேயே சேர்கின்றன. இந்த வரி இந்த ஆசிரியர் சம்பளத்துக்கு எனத் தனிப் பெட்டியில் வைக்கப்படுவதில்லை. 6,500 ஆசிரியர் என்பது வாக்குறுதி. வரிச் சீட்டோ உடனடி உண்மை. சீட்டு ஜனவரியில் வந்துவிட்டது. ஆசிரியரைப் பயிற்றி, நியமித்து, வகுப்பில் நிலைத்திருக்கச் செய்ய ஆண்டுகள் வேண்டும். இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளுக்கு 6,500 பேரைப் பங்கிட்டால் மூன்று பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கட்டணம் கட்ட இயலாது நீங்கும் வசதியுள்ள குடும்பம், அப் பணத்தைப் பெட்டியிற் பூட்டி வைப்பதில்லை. நல்ல அரச பாடசாலைக்கு அருகில் கூடிய விலைக்கு வீடு வாங்கும். மாலை வேளையில் தனி ஆசிரியரை அமர்த்தும். தனித்துத் தொழில் புரியும் ஆசிரியரின் பாடங்களுக்கு வரி விலக்குத் தொடர்கிறது. ஆதலின் சலுகை ஒரு வாயிலால் வெளியேறி மறு வாயிலால் உட்புகக் கூடும். நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி மலர்ந்த பின்னரும் 'டியூஷன்' வகுப்புகள் தழைத்தோங்கியதைக் கண்ட நமக்கு இது வியப்பளிக்காது.

முடிவாக நாம் கூற விரும்புவது இதுவே. பெற்றோர் கட்டணம் கட்டுவது பெரும்பாலும் பெருமைக்காக அன்று. அரச பாடசாலையில் தம் பிள்ளைக்குக் கிடைக்காது என அவர்கள் அஞ்சும் ஒன்றைப் பெறுவதற்காகவே. அவ் வச்சம் நீங்கும்வரை, வரியை ஏற்றினும் இறக்கினும் அவர்கள் வேறு வழி தேடிக்கொண்டேயிருப்பர். அச்சத்தை நீக்க வல்லது நல்லாசிரியர் நிற்கும் அரச வகுப்பறை ஒன்றே. திரட்டிய கோடிகள் அவ் வகுப்பறையைச் சென்றடைந்தால், நடு ஆண்டில் தோழரைப் பிரிந்து வந்த பிள்ளையும் அதன் பயனைப் பெறும். ஆண்டாண்டாக ஆசிரியருக்காகக் காத்திருந்த பிள்ளையும் பெறும். சென்றடையாவிடில், ஒரு பிள்ளையிடமிருந்து எடுத்ததை மற்றப் பிள்ளைக்குக் கொடாத குற்றம் அவ் வரசாங்கத்தைச் சாரும்.